கை மாற்றி அடித்த நாலு

என் வயதுக்காரிகளே, சீனி வருத்தம், முழங்கால் நோவு, பேரப்பிள்ளைகளின் சத்தம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். போன கிழமை என் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை பிடித்தவர்கள் நானும் என் மருமகனும். காரணம் கிரிக்கெட்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குத்தான் மருமகன் வந்து இருப்பார். அந்த வீட்டின் பின்னறையில் நான் இருக்கிறேன். என் உம்மாவின் காலத்தில் மாமியார் மருமகனின் முன்னால் வந்து நின்றுகூடக் கதைக்க மாட்டார், கதவுக்குப் பின்னால் இருந்து தேத்தண்ணியை அனுப்புவார். நான் மருமகனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அம்பயரைத் திட்டுகிறேன். காலம் அப்படி வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றைக்கு டிவியில் ஒரு வலக்கை ஆட்டக்காரர் நின்றார். பந்து போடுகிறவர் ஓடி வந்து கையைச் சுழற்றுகிற அந்தக் கணத்தில் இவர் சட்டென்று திரும்பி, கால் மாற்றி, கை மாற்றி, இடக்கைக்காரராக ஆகிவிட்டார். தடுப்பதற்கு ஆளே இல்லாத பக்கத்துக்குப் பந்து பறந்தது. மருமகன் எழும்பிய வேகத்தில் கையில் இருந்த பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, பாயில் ஊற்றுப்பட்டது.

"கள்ளம் மாமி! பச்சைக் கள்ளம்!"

"என்ன கள்ளம் மகன்? நல்ல அடி அடிச்சிருக்காரு" என்றேன்.

"போலர் எந்தக் கையால போடுறன், விக்கெட்டுக்கு எந்தப் பக்கத்தால வாறன் எண்டு முதலே செல்லணும். செல்லாம மாத்தினா நோ போல். அவருக்கு மட்டும் சட்டம், மட்டை பிடிச்சவருக்குச் சட்டம் இல்லையா?"

"அந்தப் போலர் வேகப் பந்துக்கு ஓடி வாற மாதிரியே ஓடி வந்து மெதுவாப் போடுறாரே, அதையும் செல்லிட்டா போடுறாரு?"

"அது திறமை மாமி."

"இது மட்டும் என்ன, மந்திரமா?"

மருமகன் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்களுக்கு இதெல்லாம் விளங்கா மாமி" என்றார். நல்ல பிள்ளைதான், என்னை அவமதிக்கச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த அடியை இந்தக் கரையில் முதல்முதல் அடித்தவளிடம் வந்து விளங்காது என்றால் ஏறாதா? அவரிடம் சொன்னதைவிட விபரமாக உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு வேலி ஓரத்தில் நின்றவர்கள், பொய் சொன்னால் பிடித்துவிடுவீர்கள்.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. தவழுகிற வயதிலேயே எதை நீட்டினாலும் இடது கையைத்தான் கொடுப்பேனாம். நம் வீடுகளில் அது சின்ன விஷயமில்லை. சாப்பாடு வலது கையால், கொடுக்கல் வாங்கல் வலது கையால், இடது கைக்கு வேறு வேலை. உம்மா சோற்றுக்கு இருத்தும்போதெல்லாம் வாப்பாவின் பழைய சாரனில் கிழித்த ஒரு துணியை எடுத்து என் இடது கையைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். குர்ஆன் ஓதப் போனால் ஓதிக் கொடுக்கும் லெப்பை எழுத்துக் காட்டும் குச்சியைப் பிடுங்கி மற்றக் கையில் திணிப்பார். பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றை நீட்டினால் அவர்கள் வாங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கை மாற்றும் வரைக்கும் அந்தப் பார்வை போகாது.

அதனால் எனக்கு இரண்டு கையும் பழகியது. பெரியவர்கள் பார்க்கிற வேலைக்கு வலது. கல்லெறிய, கிணற்று வாளி இழுக்க, மாங்காய் விழுத்த இடது. எழுத்து வலது, அடிபிடி இடது. இதில் எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை, கெட்டித்தனமாகத்தான் நினைத்தேன்.

உம்மாவுக்குத்தான் பெரிய கவலை. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து இருக்கக்குள்ள இவள் இடக்கையால தேத்தண்ணியை நீட்டினா என்ன செல்லுவாங்க? அவள்ற கையையா குறை செல்லுவாங்க? என்ட வளர்ப்பைத்தான் செல்லுவாங்க" என்பார். எனக்குப் பத்து வயது தாண்டியபோது, பார்க்கிற சொந்தக்காரர் எல்லாரிடமும், "இப்ப அவள்ற இடக்கைப் பழக்கம் முழுசாப் போயிட்டு" என்று சொல்லத் தொடங்கினார். காய்ச்சல் விட்டுப் போனதைச் சொல்வது போல ஒரு நிம்மதியோடு சொல்வார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

இனி அந்த வயதில் வந்த ஓகஸ்ட் லீவுக்கு வருகிறேன். கச்சான் காற்று மேற்கே இருந்து அனலாக வீசுகிற காலம். கடல் குளத்துத் தண்ணி போல அடங்கிக் கிடக்கும். என் வாப்பா சம்மாட்டி, கரைவலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். விடிய முதல் வலை போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்து, வெயில் ஏறுகிற நேரம் வலை கரைக்கு வரும். இழுத்தவர்களின் கால் மிதித்து மிதித்து அந்த ஈர மணல் சீமெந்துத் தரை மாதிரி இறுகிவிடும். மீன் போன பிறகு அந்த இடம் எங்களுக்கு.

அந்த இடத்தின் மணம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. உப்பில் ஊறிய கயிறு, மீன் செதிள், வலை வைக்கிற கொட்டிலான வாடிக்குப் பின்னால் காய்கிற கீரிமீன் கருவாடு. விக்கெட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். பந்து பட்டால் 'டங்' என்று கேட்கும், அதனால் அவுட்டா இல்லையா என்று சண்டையே வராது. பந்து ரப்பர். மட்டை மட்டும் ஊரில் யாரிடமும் இல்லாத சாமான். வாப்பாவின் தோணியில் உடைந்த துடுப்பு ஒன்றை என் அண்ணன் காக்கா, தோணி கட்டுகிற ஓடாவியிடம் கொண்டுபோய்க் கெஞ்சிச் செதுக்கி எடுத்தது. மற்றப் பிள்ளைகள் தென்னை மட்டையால் அடிப்பார்கள், அதில் ஒரு பக்கம்தான் தட்டை. துடுப்புக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம். அந்த மட்டை எங்கே போனதோ. வாடியே இல்லை, கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு அந்த வரிசையே போய்விட்டது.

ஆடுகிற இடம் கரை நெடுக, வடக்குத் தெற்காக. வலக்கைக்காரன் மட்டையோடு நின்றால் முகம் கடலைப் பார்க்கும், முதுகு வீடுகளைப் பார்க்கும். எல்லாரும் இழுத்து அடிப்பது முதுகுப் பக்கம்தான். கிடுகு வேலியில் பட்டால் நாலு. கடலுக்குள் பந்து நேரே விழுந்தால் அவுட், ஏனென்றால் பந்து தொலைந்தால் வேறு பந்து இல்லை. உருண்டு போய் அலையைத் தொட்டால் அதுவும் நாலு. ஆனால் அந்தப் பக்கம் உருட்டி அடிக்க யாருக்கும் வசப்படாது. ஆகவே தடுக்கிற ஆட்கள் எல்லாரும் வேலிப் பக்கம். கடல் பக்கத்துக்குப் பேருக்கு ஒரு ஆள். அந்த ஆள் நான். கணுக்கால் தண்ணியில் நின்று அந்த வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்களே என்று அப்போதே யோசித்தேன்.

எனக்கு மட்டை கிடைத்ததற்குக் காரணம் சுன்னத்துக் கலியாணம். லீவு காலம்தானே அதற்கும் காலம். ஒரே கிழமையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பையன்கள் வெள்ளைச் சாரனைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டோடு கிடந்தார்கள். கோழிச் சூப்பும் முட்டையும் அவர்களுக்கு, ஆள் பஞ்சம் காக்காவுக்கு. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து ஒழுங்கையோடு பந்தயம். வென்றவர்களுக்கு லீவு முடியும் வரைக்கும் அந்த இறுகிய மணல். தோற்றவர்கள் கால் புதைகிற பொடி மணலுக்குப் போக வேண்டும். காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சரி, நீ வா. கடைசி ஆள் நீ. அடிக்காத. டின்னை மறைச்சிட்டு நில்லு, அது போதும்" என்றான்.

எதிர்ப் பக்கத்துக் கப்டன் என் மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து போட்டால் பந்து கண்ணில் படாது. அதே ஓட்டத்தில் வந்து, கடைசியில் விரலை இளக்கி மெதுவாகவும் ஒன்று போடுவான். அதில்தான் எங்கள் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். நான் மட்டையை எடுத்துக்கொண்டு போகும்போது வெல்லுவதற்கு ஒரு நாலு வேண்டியிருந்தது. மறுபக்கத்தில் காக்கா. வேலி ஓரத்தில் பெண்கள், உம்மாவும் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கூட்டிப் போக வந்தவர் ஆட்டத்தில் மயங்கி நின்றுவிட்டார் போல.

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தான். கடல் பக்கம் நின்ற ஒரே ஆளையும் வேலிப் பக்கம் வரச் சொன்னான்.

"மச்சி, நீ கடலைப் பாத்துட்டு நில்லு. பந்து தானா வந்து டின்னில பட்டுட்டுப் போகும்."

வேலி ஓரமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன். முதல் பந்து அந்த மெதுவான பந்து. நான் அவசரப்பட்டு வீசினேன், மட்டை காற்றை வெட்டியது. டின்னுக்கு ஒரு விரல் மேலால் போனது பந்து. மறுகாலும் சிரிப்பு.

அடுத்த பந்துக்கு ஓடி வந்தான். நான் வலக்கைக்காரியாகத்தான் நின்றேன், முகம் கடலுக்கு, கண் முன்னால் அந்த வெறும் மணல் முழுக்க. அவன் கால் மேலெழும்பியதும் என் உடம்பு தன்பாட்டில் கிறுகியது. கால் இரண்டும் இடம் மாறின, கை இரண்டும் இடம் மாறின, இப்போது முகம் வீட்டுப் பக்கம். என் சொந்தக் கை கீழே இறங்கி மட்டையைப் பிடித்த சுகத்தை எப்படிச் சொல்ல? இழுத்து அடித்தேன். பந்து மணலைத் தொட்டு, சரிவில் உருண்டு, ஆளில்லாத இடத்தில் ஓடி, வந்த அலைக்குள் போனது.

நாலு!

காக்கா கையில் இருந்த தென்னை மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கினான். மச்சான் கையை நீட்டிக் கத்தினான்.

"கள்ளம்! நான் சோத்துக்கைக்காரிக்குத்தான் பந்து போட்டன். அவள் கள்ளம் செஞ்சிட்டாள்!"

அந்த வார்த்தை எனக்குக் கன்னத்தில் விழுந்தது. நான் யாருடைய பிள்ளை? பங்கு பிரிக்கும்போது ஒரு மீன் கூடக் குறையப் போகாது என்று கரை முழுக்கச் சொல்லப்பட்டவரின் பிள்ளை. சம்மாட்டியின் மகள் கள்ளி என்று ஒரு பேர் வந்தால் அது என்னோடு நிற்காது. மட்டை போனாலும் பரவாயில்லை, மணல் போனாலும் பரவாயில்லை, அந்தப் பேர் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. கரையில் வந்த வழக்கு கரையிலேயே தீர வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, பள்ளிவாசலுக்குக் கொண்டு போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஈர மணலில் நின்று சொல்ல வேண்டும், சம்மாட்டி ஒருதரம் தீர்ப்புச் சொல்லிவிட்டால் மறு பேச்சில்லை. வலைக் கயிற்றுக்கும் தோணி முறைக்கும் உள்ள சட்டம் அது. அதைப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கும் கொண்டு வந்தார்கள் பாருங்கள்! வாடிக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வாப்பாவை யாரோ போய்க் கூப்பிட்டார்கள். அவர் சிரிக்காமல் வந்தார். அதுதான் அவருடைய குணம், யார் வழக்குக் கொண்டு வந்தாலும் முகத்தைக் கேலியாக வைக்க மாட்டார்.

முதலில் மச்சான் சொன்னான். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே சொன்னான்.

"மாமா, நான் எந்தப் பக்கத்தால ஓடி வாறன் எண்டு அவளுக்குத் தெரியும். நான் ஒளிக்கல்ல. அவள் நிண்ட மாதிரியைப் பாத்துத்தான் நான் ஆக்களை நிப்பாட்டினன். நிக்கிறது ஒரு பக்கம், அடிக்கிறது ஒரு பக்கம் எண்டா அது ஏமாத்து இல்லையா?"

வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ செல்லு மகள்."

"வாப்பா, இவர் வேகமா வாற மாதிரி வந்து மெதுவாப் போட்டாரு. அப்ப எனக்குச் செல்லல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, ஒருத்தரும் கள்ளம் எண்டு செல்லல்ல. இவர் விரலை மாத்தலாம், நான் கையை மாத்த ஏலாதா?"

கயிறு இழுக்கிற ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். கூட்டத்தில் இருந்த ஒரு வயதானவர்தான் காரியத்தைக் கெடுத்தார். "அதெல்லாம் இருக்கட்டும் சம்மாட்டியார், பொம்புளைப் புள்ள இடக்கையால அடிச்சிருக்கு. அது ஷைத்தான்ட கை. அதுக்குப் போய் நாலு குடுக்கிறதா?" என்றார். அவ்வளவுதான், கிரிக்கெட்டை எல்லாரும் மறந்தார்கள். "சாப்பிடுறதும் அந்தக் கையாலயா?" என்று ஒருவர். "அந்தப் பழக்கம் போயிட்டு எண்டல்லோ தாய் சென்ன?" என்று வேலி ஓரத்தில் ஒரு பெண். நியாயம் கேட்டு நின்றவளை விட்டுவிட்டு அவளுடைய கையை விசாரித்தார்கள். பெரியவர்களுக்கு இது ஒரு நோய், இன்றைக்கும் மாறவில்லை.

வாப்பா கையை உயர்த்தினார். சத்தம் நின்றது.

"மகள், உன்ட கை எது?"

அந்தக் கேள்வியின் பாரம் எனக்கு அந்த வயதிலும் விளங்கியது. வலது என்று சொன்னால், நான் என்னுடையதல்லாத கையால் வித்தை காட்டி ஏமாற்றியவள். கள்ளிதான். இடது என்று சொன்னால், ஊர் முழுக்க "போயிட்டு, போயிட்டு" என்று சொல்லித் திரிந்த உம்மா பொய்க்காரி. அவர் அந்தா வேலியோடு நிற்கிறார். முகத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, அதை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

"இடது வாப்பா. அதுதான் என்ட கை. வலது நீங்க எல்லாரும் பழக்கினது. இடதுல அடிக்கக்குள்ள நான் ஏமாத்தல்ல. வலதுல நிக்கக்குள்ளதான் நடிச்சன்."

வேலிப் பக்கம் பார்த்தேன், உம்மா நின்ற இடத்தில் ஆள் இல்லை.

வாப்பா கடல் பக்கம் திரும்பினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். அடித்தது நாலுதான், அது கள்ளம் இல்லை. மணல் எங்கள் ஒழுங்கைக்கு. ஆனால் இனிமேல் மட்டை பிடிக்கிற ஆள் எந்தக் கை என்று பந்து போட முதலே சொல்ல வேண்டும், சொன்ன பிறகு மாற்றக் கூடாது. "வலையோட தோணி எந்தப் பக்கத்தால வளையும் எண்டு கரையில செல்லிட்டுத்தான் தள்ளுறம். பாதிக் கடலில மாத்தினா பக்கத்துக்காரன்ட வலை சிக்கும். அதே முறைதான் இதுக்கும்" என்றார்.

எல்லாருக்கும் திருப்தி. மச்சானுக்கும் திருப்தி. எனக்கும் அன்றைக்குத் திருப்தி, கள்ளி என்ற பேர் போய்விட்டதே. பிறகுதான் பார்த்தேன். அடுத்த கிழமை நான் "இடது" என்று சொல்லிவிட்டு நின்றேன், எதிர்ப் பக்கத்துப் பையன்கள் முழுப் பேரும் சாரனைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கி நின்றார்கள். அவர்களுக்கு மேலால் அடிக்கப் பார்த்தேன், பந்து நேரே தண்ணிக்குள் விழுந்தது. அவுட்.

வாப்பா நேர்மையான மனிதர். ஆனால் அந்தத் தீர்ப்பில் பிழைவிட்டார், இந்த வயதில் இதைத் தைரியமாகச் சொல்வேன். தோணி மாறி வளைந்தால் இன்னொருவருடைய வலை சிக்கும், அவருடைய சோற்றில் மண் விழும். மட்டை மாறினால் யாருடைய வலை சிக்குகிறது? தடுக்கிறவன் இன்னும் இரண்டடி ஓட வேண்டும், அவ்வளவுதானே. கை மாற்றுவது சும்மா வருகிற காரியமும் இல்லை. பந்தில் இருந்து கண் ஒரு கணம் விலகும், கால் பின்னும், பிழைத்தால் டின் சத்தம் போடும். அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டு அடிக்கிறவனுக்குக் கிடைக்கிற கூலி அது. ஒரு ஆளுக்கு ஒரு கைதான் என்று வாப்பா நினைத்துவிட்டார். எனக்கு இரண்டு கை இருந்தது, அதை எனக்குத் தந்ததே அவர்கள்தான்.

மச்சானைப் பற்றிக் கேட்பீர்கள். அவரைத்தான் பின்னால் கலியாணம் முடித்தேன், உங்களுக்குத் தெரியாததா? மவுத்தாகும் வரைக்கும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உங்கட வாப்பா தீர்ப்புச் சென்னதால விட்டன், இல்லாட்டி அது நாலு இல்ல" என்பார். நான் "தோத்த ஆள் கதைக்கக் கூடாது" என்பேன். நாற்பது வருடச் சண்டை அது, நல்ல சண்டை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உம்மா என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அடித்தாலாவது பரவாயில்லை, அடிக்கவும் இல்லை. மஃரிபுக்குப் பிறகு சோறு வைத்தார். துணியை எடுக்க அவர் கை நீண்டது. வாப்பா, "அதை வை. சோறு வலக்கையால தின்னட்டும், அது சுன்னத்து. மத்ததெல்லாம் அவள்ற விருப்பம்" என்றார். உம்மா துணியை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஊருக்கு முன்னால் உம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், உம்மா இனி என்னோடு எப்போதுமே கதைக்க மாட்டார் என்று அழுதேன்.

அடுத்த நாள் காலை வலையில் பாரை மீன் பட்டது. பங்கு போக வீட்டுக்கு ஒரு கூடை மீன் வந்தது. உம்மா குசினிக்குள் பலகையை வைத்து, கத்தியை வலது கையில் எடுத்து வெட்டத் தொடங்கினார். நான் வாசலோடு நின்று பார்த்தேன். அவர் வெட்டுவது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். செதிள் ஒரு பக்கம் போகும், கத்தி ஒரு பக்கம் போகும். மாமிமார் கேலி செய்வார்கள், சம்மாட்டியின் பெண்சாதிக்கு மீன் வெட்டத் தெரியாது என்று.

ஒரு மீனின் பாதியில் கத்தியை நிறுத்தினார்.

"உள்ளுக்கு வா. கதவைச் சாத்து."

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உம்மா கத்தியை இடது கைக்கு மாற்றினார்.

என் அல்லாஹ்! அந்தக் கை ஓடிய ஓட்டத்தை நான் என்ன சொல்ல. செதிள் மழை மாதிரிப் பறந்தது. வயிறு ஒரு கீறில் திறந்தது. துண்டு துண்டாக, ஒரே அளவாக, பலகையில் வரிசையாக விழுந்தது. கண் மீனில் இருந்து எழும்பவே இல்லை.

"எனக்கு என்ட உம்மா சூடு வெச்சா" என்றார், வெட்டிக்கொண்டே. இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு. நான் பிறந்த நாளில் இருந்து பார்த்த தழும்புதான். சோற்றுப் பானை சுட்டது என்று நானாகவே நினைத்திருந்தேன். "மூணு தரம் வெச்சா. நான் உனக்குத் துணிதான் கட்டினன். துணிதானே, நோகாதே எண்டு நினைச்சிட்டன்."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியா. நீ நேத்து அத்தனை ஆக்களுக்கு முன்னால செல்லிட்டாய். எனக்கு இந்த வயசிலயும் வாய் வரல்ல."

அவர் அழவில்லை. வேகமாக வெட்டிக்கொண்டே இருந்தார். கூடையில் பாதி முடிந்திருக்கும், வெளியே வாப்பாவின் இருமலும் செருப்புச் சத்தமும் கேட்டன. ஒரு நொடிதான். உம்மாவின் கத்தி வலது கைக்குப் போய்விட்டது. மீன் பலகையில் மறுபடியும் வழுக்கியது.

கதவு தள்ளப்பட்டது. நான் முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்க வாப்பா" என்றேன். "உம்மாக்கு வேலை முடியல்ல."

உம்மா என்னைப் பார்த்தார். நான் கதவை விடவில்லை. அவர் கத்தியை மெதுவாக இடது கைக்கு மாற்றி, மிச்ச மீனையும் வெட்டி முடித்தார்.